அரைநிலா வாசல்

பிப்ரவரி மாதம் வந்துவிட்டால் ஷைலோ சாலையில் யாரும் நேராகப் பார்த்து நடப்பதில்லை. எல்லாருக்கும் கழுத்து மேல்நோக்கித்தான். பிரேசிலில் குளிர்காலத்தைக் கழித்துவிட்டு மார்ட்டின் பறவைகள் திரும்புகிற மாதம் அது. தகைவிலான் சாதி, ஆண் பறவை வெயிலில் கருநீலமாக மின்னும். மரப்பொந்தில் குடியிருந்த காலத்தை எப்போதோ மறந்துவிட்டு, மனிதர்கள் கம்பத்தில் கட்டித் தொங்கவிடும் சுரைக்குடுக்கையில்தான் முட்டை வைப்பேன் என்று அடம்பிடிக்கிற பறவை. முதல் பறவையைக் கண்ணால் கண்டவர் ஞாயிற்றுக்கிழமை எங்கள் தேவாலயத்தில் எழுந்து நின்று அதைச் சொல்ல வேண்டும். சபை முழுக்க "ஆமென்" என்று முழங்கும். அலபாமாவின் இந்த மூலையில் அதற்கு மேல் ஒரு கௌரவம் கல்யாணப் பெண்ணுக்குக்கூடக் கிடைக்காது.

ஆர்டெல்லா அந்தக் கௌரவத்தை வருஷக்கணக்காக அனுபவித்தவள். அவள் வீட்டைவிட்டு வந்த பிறகு அது முன்னாள் கணவன் ராஸ்கோவுக்குப் போயிற்று. அவன் எழுந்து நிற்பான், "வந்துருச்சு" என்று ஒரே சொல் சொல்வான், உட்காருவான். இரண்டு வரிசை பின்னால் உட்கார்ந்திருக்கும் ஆர்டெல்லாவுக்கு வயிறு எரியும். இருபது வருஷத்துக்கு முன்னால் அந்த முற்றத்தில் முதல் குடுக்கையைத் தொங்கவிட்டவள் அவள்தானே.

இருவரும் சண்டை போட்டுப் பிரிந்தவர்கள் அல்ல. சண்டை போட்டிருந்தால் சேர்ந்தே இருந்திருப்பார்கள் என்பது என் கணக்கு. ராஸ்கோ காகித ஆலையின் இரைச்சலுக்குள் ஆயுசைக் கழித்தவன். ஓய்வு பெற்றதும் அந்த இரைச்சலுக்கெல்லாம் சேர்த்து வாயை மூடிக்கொண்டான். பிள்ளைகள் இருவரும் அட்லாண்டா பக்கம் போய்விட்டார்கள். வீட்டில் பேசுகிற ஆள் ஆர்டெல்லா ஒருத்திதான். காலையில் பேசினாள், சாப்பாட்டு மேசையில் பேசினாள், துணி மடித்துக்கொண்டே பேசினாள். "ம்" என்று பதில் வந்தது. கம்பத்தடியில் நிற்கும்போது மட்டும் அவன் பறவைகளிடம் என்னவோ முணுமுணுப்பான். ஒரு நாள் அவள் பெட்டியைக் கட்டி எடுத்துக்கொண்டு அவன் முன்னால் வந்து நின்றாள்.

"நான் போறேன், ராஸ்கோ."

அவன் அவளைப் பார்த்தான். வெளியே நின்ற ட்ரக்கைப் பார்த்தான். "டயர்ல காத்து இருக்கான்னு பாத்துக்க" என்றான்.

அவ்வளவுதான். போகாதே என்று ஒரு சொல் வந்திருந்தால் அங்கேயே பெட்டியை அவிழ்த்திருப்பாள். டயரைப் பார்த்தாள், காற்று இருந்தது, போனாள்.

வீடு அவன் அம்மா வழியில் வந்தது. ட்ரக் அவளுக்கு என்று ஆயிற்று. பறவைக் கம்பத்தைப் பற்றி வக்கீல்கள் வாயைத் திறக்கவில்லை. அப்போது குடுக்கைகள் நிறைய குஞ்சுகள் இருந்தன. கம்பத்தைப் பிடுங்கிக்கொண்டு போக அவளுக்கு மனசு வரவில்லை. மாட்டு மேய்ச்சல் நிலத்துக்கு அந்தப் பக்கம், சித்தி மகள் ஜுவெலின் நிலத்தில், ஒரு தகர வீட்டில் குடியேறினாள். நீளமான பெட்டிபோல் சக்கரத்தின்மேல் வந்து இறங்கும் வீடு அது. அதன் வாசலில் நின்றால் ராஸ்கோவின் கம்பம் தெரியும். சாயங்காலத்தில் பறவைகள் அதைச் சுற்றிப் பொட்டுப் பொட்டாகப் பறப்பதும் தெரியும். சத்தம் மட்டும் காற்று இந்தப் பக்கம் அடித்தால்தான் வரும். காற்றுக்காக அவள் வாசலில் காத்துக்கொண்டு நிற்பாள்.

முதல் குளிர்காலத்திலேயே சொந்தமாக ஒரு கம்பம் நட்டாள். எந்தக் குடுக்கையைத் தேர்ந்தெடுப்பது என்பதிலேயே அந்தக் குளிர்காலம் ஓடிப்போனது. கொடியில் காய்த்த சுரைக்குடுக்கை என்றால் வருஷா வருஷம் பூஞ்சை சுரண்ட வேண்டும், மருந்துத் தண்ணீரில் முக்க வேண்டும், வர்ணம் அடிக்க வேண்டும். பள்ளிக்கூடச் சமையலறையில் நாள் முழுக்க நின்றுவிட்டு வருகிறவளுக்கு அதற்கெல்லாம் இடுப்பு ஏது? பிளாஸ்டிக் குடுக்கைகளை வாங்கினாள்.

"பிளாஸ்டிக் டப்பாவுல எந்தப் பறவைடி குடியிருக்கும்?" என்றாள் ஜுவெல்.

"தகர டப்பாவுல நான் இருக்கேன்ல?"

வாங்கியதை வாங்கியபடியே தொங்கவிடுகிற ஆளும் இல்லை அவள். குஞ்சுகளின் கால் வழுக்கி இடுப்பு விலகிவிடக் கூடாது என்று உள்தரையை உப்புத்தாள் போட்டுச் சொரசொரப்பாக்கினாள். வெளிச்சம் ஊடுருவினால் பறவைக்குப் பிடிக்காது. அதனால் உள்ளே கறுப்பு வர்ணம் பூசி, வெயில் தாங்க வெளியே வெள்ளை பூசினாள். கழுத்துக்குக் கீழே காற்றுத் துளைகள், அடியில் தண்ணீர் வடியத் துளைகள், வாசலுக்கு மேல் மழை மறைக்க ஒரு குட்டிக் கூரை. கை நுழைத்து உள்ளே பார்ப்பதற்குப் பக்கவாட்டில் திருகுமூடி ஏற்கெனவே இருந்தது. தரையில் காய்ந்த பைன் இலையைப் பரப்பினாள். பிறந்த வீட்டுக்கு வரும் பிள்ளைத்தாச்சிக்கு அறை ஒழிப்பதுபோல் ஒவ்வொன்றையும் செய்து தொங்கவிட்டாள்.

வந்தது ஸ்டார்லிங். மைனாவுக்குப் பங்காளி, குணத்தில் அதைவிட மோசம். எல்லாக் குடுக்கையிலும் புகுந்து குப்பையை அடைத்தது. அவள் காலையில் பிடுங்கி எறிந்தால் வேலை முடிந்து வருவதற்குள் மறுபடி அடைத்துவைத்திருக்கும். ராஸ்கோவுக்கு இந்தத் தொல்லை இல்லை. அவன் வாசலில் காற்றுத்துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டு நாள் முழுக்க உட்கார்ந்திருந்தான். எந்த ஸ்டார்லிங் அவன் பக்கம் போகும்? ஆர்டெல்லாவுக்குக் காவலுக்கு ஆள் இல்லை. வாசலே காவல் காக்க வேண்டும் என்று முடிவு செய்தாள். வட்ட ஓட்டையை மூடி, அரைநிலா வடிவத்தில் வெட்டிய பலகையைத் திருகினாள். தட்டையான விளிம்பு கீழே, வளைவு மேலே. உயரம் அவ்வளவு குறைவு. ஸ்டார்லிங்கின் நெஞ்சு அதில் இடிக்கும். மார்ட்டின் குட்டைக் கால்காரன். வயிற்றைத் தரையில் தேய்த்துக்கொண்டு நுழைந்துவிடும்.

ஸ்டார்லிங் மண்ணைக் கவ்வியது. ஆனால் மார்ட்டினும் நுழையவில்லை. வயசான பறவைகள் பழைய இடத்தைவிட்டு அசையாது. அது எல்லாருக்கும் தெரியும். புது இடம் தேடி அலைவது போன வருஷத்துக் குஞ்சுகள்தான். மறு ஏப்ரலில் அவை வந்தன, நெஞ்சில் இன்னும் புள்ளி மாறாதவை. ஆர்டெல்லாவின் கம்பத்தில் உட்கார்ந்தன. மூச்சை அடக்கிக்கொண்டு அவள் சன்னலோரம் நின்றாள். ஒன்று வாசலில் தலையை நீட்டிப் பார்த்தது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நுழையப் பார்த்து இடித்துக்கொண்டது. பக்கவாட்டில் முயன்றது. மறு நாளும் வந்து மோதியது. பிறகு வரவில்லை. அதற்கடுத்த வசந்தத்திலும் இதே கதை.

எங்கே கோளாறு என்று யோசித்து யோசித்து ஒரு நாள் பள்ளிச் சமையலறையில் பட்டாணி அலசும்போது அவளுக்குப் பிடிபட்டது. இந்தப் பிள்ளைகள் எல்லாம் பிறந்தது ராஸ்கோவின் குடுக்கையில். வட்ட வாசல் தவிர வேறு வாசலை அவை வாழ்க்கையில் பார்த்ததே இல்லை. அப்பன் ஆத்தாள் குனிந்து நுழைவதைப் பார்த்து வளர்ந்தால்தானே இதுவும் வாசல் என்று தெரியும்?

அதற்கு வழி ஒன்றே ஒன்று. அந்த வசந்தத்தின் மே மாதத்தில், கையில் அரைநிலாப் பலகைகளும் மறு கையில் துணி மூடிய தட்டுமாகக் கிளம்பினாள். ஜுவெல் வேலியோரம் நின்றிருந்தாள்.

"எங்கடி?"

"ராஸ்கோ வீட்டுக்கு. குடுக்கைக்கு வாசல் மாத்தணும்."

"தட்டுல என்ன?"

"சோளரொட்டி."

"ஓ. பறவைக்கா?"

ஆர்டெல்லா ட்ரக்கில் ஏறினாள்.

ராஸ்கோ வாசலில் இருந்தான். துப்பாக்கியைக் கீழே வைத்தான். அவள் விஷயத்தைச் சொல்லி முடிக்கும்வரை கம்பத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"உன் குஞ்சுங்களுக்கு ஒண்ணும் ஆகாது, ராஸ்கோ. உள்ள குஞ்சு கத்துறப்ப எந்தத் தாயும் எப்படியாவது நுழைஞ்சிரும். இன்னிக்குப் பாதி மாத்துவோம். பழகினதும் மீதி."

"என் குஞ்சா?" என்றான். "நீ ஆரம்பிச்சு வெச்ச கூடு."

"அப்ப மாத்தலாமா, கூடாதா?"

அவன் எழுந்துபோய்க் கம்பத்தின் கைப்பிடியைச் சுற்றினான். குடுக்கைகள் கயிற்றில் ஆடிக்கொண்டே இறங்கி அவள் முகத்துக்கு நேரே வந்து நின்றன. ஒவ்வொன்றிலும் இளஞ்சிவப்பாக, கண் திறக்காமல், குஞ்சுகள். அதிராமல் இருக்கக் கையாலேயே திருகினாள். அவன் பலகையைப் பிடித்துக்கொண்டான். அவன் விரல்கள் அதே விரல்கள்தான். ஆலையில் நசுங்கிய நகம் அப்படியே கோணலாக இருந்தது. அவள் அதைப் பார்க்காமல் திருகாணியைப் பார்த்தாள்.

மேலே ஏற்றிவிட்டு இருவரும் கவிழ்த்த வாளிகளில் உட்கார்ந்தார்கள். ஒரு தாய்ப்பறவை வாயில் தும்பியோடு வந்தது. வாசலில் தொற்றியது, நெஞ்சில் இடித்தது, பறந்தது. மறுபடி வந்தது, மறுபடி இடித்தது. உள்ளே குஞ்சுகள் கத்தின. ஆர்டெல்லா தன் பாவாடையை இரண்டு கையாலும் கசக்கிப் பிடித்திருந்தாள். நாம் செய்தது பாவமோ என்றுகூட நினைத்தாள்.

"குனி, தாயி" என்றான் ராஸ்கோ மெல்ல. "கொஞ்சம் குனி. அவ்ளோதான்."

அவன் இத்தனை சொற்களை ஒன்றாகச் சேர்த்துப் பேசி அவள் கேட்டு எத்தனையோ காலம் ஆகியிருந்தது. பறவை தலையைச் சாய்த்தது, வயிற்றைத் தரையில் ஒட்டியது, வழுக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டது.

"போயிருச்சு!" என்று அவள் அவன் தோளில் ஓங்கி அடித்தாள். அடித்த பிறகுதான் அது இப்போது தனக்கு உரிமையுள்ள தோள் இல்லையே என்பது உறைத்தது. சோளரொட்டித் தட்டை எடுத்து அவள் பக்கம் நீட்டினான்.

அந்தக் கோடை முழுக்க அவள் போனாள். மீதி வாசல்களை மாற்ற ஒரு நாள். குஞ்சுகளுக்குப் பூச்சி பிடித்திருக்கிறதா பார்த்து, கூட்டுக்குப் புது இலை வைக்க அடிக்கடி. சாரைபோல ஏறும் பாம்புகளுக்காகக் கம்பத்தில் தகரக் கூம்பு மாட்ட ஒரு நாள். போவதற்குக் காரணம் பஞ்சமில்லை. அவன் கைப்பிடியைச் சுற்ற, அவள் மூடியைத் திறக்க, வேலை நடந்தது. இடையில் அவன் ஒன்றிரண்டு வார்த்தை பேசினான். சமையலறைக் குழாய் ஒழுகுகிறது என்றான். மகள் தொலைபேசியில் கூப்பிட்டாள் என்றான். இவளும் வாயை அடக்கக் கற்றுக்கொண்டாள். அவள் நிறுத்தினால்தான் அவன் ஆரம்பிக்கிறான் என்பது இத்தனை வயசில் அவளுக்குத் தெரிந்தது.

ஜூலையில் குஞ்சுகள் பறக்கக் கற்று, அரைநிலா வாசலில் குனிந்து நுழைந்து, குனிந்து வெளியே வந்து, ஒரு காலையில் எல்லாமாகத் தெற்கே போய்விட்டன. கம்பம் அமைதியாயிற்று. ஆர்டெல்லாவுக்கு அங்கே போகக் காரணம் இல்லாமல் போயிற்று.

அந்தக் குளிர்காலம் அவளுக்கு நீளமாக இருந்தது. நன்றி சொல்லும் பண்டிகைக்கு வான்கோழியோடு சர்க்கரைவள்ளிக்கிழங்கை மசித்துத் தட்டு அகலத்தில் இனிப்பு அடை சுட்டாள், இரண்டாக. ஒன்றை ட்ரக் வரைக்கும் எடுத்துப்போனாள். என்ன சொல்லிக் கொடுப்பது? பறவை இல்லாத முற்றத்தில் அவளுக்கு என்ன வேலை? திரும்பி வந்து அதை ஜுவெலுக்குக் கொடுத்தாள். தேவாலயத்தில் ராஸ்கோ தலையசைப்பான், இவள் தலையசைப்பாள். அவனுடைய சட்டைக் கழுத்து சரியாக மடியாமல் இருக்கும். இரண்டு வரிசை முன்னால் எழுந்துபோய் அதைச் சரிசெய்ய இவள் கை துடிக்கும். பறவைகள் வரட்டும் என்று அவள் ஏங்கினாள், பறவைகளுக்காக மட்டும்தான் ஏங்குகிறோம் என்று தனக்கே சொல்லிக்கொண்டு.

ஜனவரி முடியும்போது ஒரு காலை வாசலில் வந்து நின்று மேய்ச்சல் நிலத்துக்கு அப்பால் பார்த்தாள். ராஸ்கோவின் கம்பம் இல்லை. கண்ணைத் தேய்த்துக்கொண்டு பார்த்தாள். இல்லை.

"கீழ எடுத்துட்டான்" என்றாள் ஜுவெல், அவளுக்கு முன்பே எல்லாம் தெரிந்தவளாக. "குடுக்கையெல்லாம் பீப்பாயில போட்டு எரிச்சிட்டானாம். ஏன்யான்னு என் வீட்டுக்காரர் கேட்டாரு. அங்க இல்லேன்னா இங்க வரும்ல, டெல்லாவுக்கு வேணும்னா அவளே வெச்சுக்கட்டும்னு சொன்னானாம். அடியே, நீ ஜெயிச்சிட்ட!"

ஜெயித்தவள் உள்ளே போய்க் கட்டிலில் உட்கார்ந்தாள். சந்தோஷம் வரத்தான் செய்தது. ஊரில் யாரும் இப்படி ஒரு காரியம் செய்ததில்லை. தன் பறவைகளை விட்டுக்கொடுப்பவன் எங்கே இருக்கிறான்? ஆனால் சந்தோஷத்தோடு இன்னொன்றும் வந்தது. இனி எல்லாப் பறவையும் இங்கே. கைப்பிடியை இவளே சுற்ற வேண்டும், மூடியை இவளே திறக்க வேண்டும். மேய்ச்சல் நிலத்தைத் தாண்டிப் போக ஒரு காரணம்கூட மிச்சம் வைக்காமல் அந்த மடையன் எல்லாவற்றையும் தூக்கிக் கொடுத்துவிட்டான்.

இருந்தாலும் குடுக்கைகளைக் கழுவினாள், புது இலை பரப்பினாள், மேலே ஏற்றினாள். வெள்ளைக் குடுக்கைகள் காலை வெயிலில் பளபளவென்று ஆடின.

பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை, குளிர்ந்த தூறலுக்கு நடுவில் அவை வந்தன. முதலில் கரகரவென்ற அந்தக் குரல்தான் கேட்டது. சமையலறையிலிருந்து ஓடிவந்தாள். தன் கம்பத்தைப் பார்த்தாள், ஒன்றும் இல்லை. மேய்ச்சல் நிலத்துக்கு அப்பால் பார்த்தாள்.

ராஸ்கோவின் முற்றத்துக்கு மேலே, கம்பம் நின்ற அதே இடத்தில், குடுக்கைகள் தொங்கிய அதே உயரத்தில், பறவைகள் சிறகடித்து நின்றன. உட்கார ஒன்றும் இல்லை. வெறும் காற்றில் வாசலைத் தேடிவிட்டு விலகின, ஒரு வட்டமடித்தன, மறுபடி அதே இடத்துக்கு வந்து சிறகடித்தன. மத்தியானம் இன்னும் சில சேர்ந்துகொண்டன. ஒன்றே ஒன்று இந்தப் பக்கம் வந்து வெள்ளைக் குடுக்கைகளுக்கு மேல் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு அங்கேயே திரும்பிப் போயிற்று.

"விட்டுத் தள்ளு" என்றாள் ஜுவெல். "இன்னும் ரெண்டு நாள் சுத்தும். குளிருது, பூச்சியும் கிடையாது. களைச்சுப் போயி தன்னால உங்கிட்ட வரும்."

அது உண்மைதான். ஆர்டெல்லாவுக்கும் தெரியும். பேசாமல் உட்கார்ந்திருந்தால் போதும், இத்தனை வருஷம் கேட்டது கைக்கு வந்துவிடும். இருட்டும்வரை வாசலிலேயே நின்றாள். பறவைகள் இருட்டும்வரை அந்தக் காற்றைவிட்டுப் போகவில்லை.

மறுநாள் தேவாலயத்தில் பாஸ்டர் டில்லர்ட் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு, "யாராச்சும் பாத்தீங்களா?" என்றார். எல்லாத் தலையும் ராஸ்கோவை நோக்கித் திரும்பியது. ராஸ்கோ எழுந்திருக்கவில்லை. மெதுவாகத் திரும்பி, இரண்டு வரிசை தாண்டி ஆர்டெல்லாவைப் பார்த்தான். சொல்லு, இது உன்னுடையது என்று அந்தக் கண் சொல்லிற்று. ஜுவெல் முழங்கையால் இடித்தாள். ஆர்டெல்லா எழுந்தாள். சபை "ஆமென்" சொல்ல வாயைத் திறந்தது. அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு வரிசையைவிட்டு விலகி, பக்கவாட்டுக் கதவு வழியாக வெளியே போய்விட்டாள்.

நேரே தன் முற்றத்துக்குப் போனாள். தலையில் இறகு வைத்த ஞாயிற்றுக்கிழமைத் தொப்பி, காலில் குதிகால் செருப்பு. அதோடேயே கைப்பிடியைச் சுற்றினாள். வெள்ளைக் குடுக்கைகளை ஒவ்வொன்றாகக் கழற்றி ட்ரக்கின் பின்னால் போர்வை விரித்து அடுக்கினாள். தூறலில் தொப்பி நனைந்து இறகு ஒட்டிக்கொண்டது.

அவள் ராஸ்கோ வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது அவனும் அப்போதுதான் தேவாலயத்திலிருந்து வந்திருந்தான். தலைக்கு மேலே பறவைகள் சிறகடித்துக்கொண்டிருந்தன.

"கம்பத்தக் கொண்டா, நடணும்" என்றாள்.

"டெல்லா, இன்னும் ரெண்டு நாள்ல அதுங்க உன்..."

"எனக்கும் தெரியும், கம்பத்தக் கொண்டா."

"உனக்காகத்தான் எடுத்தேன்." அவன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். "போறப்ப நீ ஒண்ணுமே கேக்கல. இந்தப் பறவை ஒண்ணுதான் கேட்ட."

"பறவைய எனக்குக் குடுன்னு நான் எப்பய்யா கேட்டேன்? வாசல மாத்தணும்னுதான கேட்டேன்! கோடை முழுக்க வந்தேனே, எதுக்கு வந்தேன்? உனக்கு மண்டையில மூளை இருக்கா இல்லியா? எல்லாத்தையும் அங்க தள்ளிட்டா அப்புறம் நான் என்னத்தச் சொல்லிக்கிட்டு இங்க வருவேன்?"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே தெரிந்தது. ராஸ்கோ தொப்பியைத் தலையில் வைத்தான். பிறகு கொட்டகைக்குப் போய்க் கம்பத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தான்.

பழைய குழியிலேயே நிறுத்தினார்கள். அவள் குடுக்கைகளை மாட்ட, அவன் கைப்பிடியைச் சுற்றினான். கம்பத்தின் பாதி உயரத்துக்குக்கூட அவை போகவில்லை. ஒரு கிழட்டு ஆண் பறவை கரகரவென்று கத்திக்கொண்டு நேரே இறங்கி, ஆடிக்கொண்டிருந்த குடுக்கையில் தொற்றியது. வெள்ளைப் பிளாஸ்டிக் புதுசு. ஆனால் வாசல் போன கோடையில் பழகிய அதே அரைநிலா. தலையைச் சாய்த்தது, வயிற்றை ஒட்டியது, உள்ளே போய்விட்டது. அடுத்தது வந்தது. அதற்கடுத்தது. ராஸ்கோ சுற்றுவதை நிறுத்திவிட்டு நின்றான். அவன் முகம் நனைந்திருந்தது; தூறல்தான் என்று வைத்துக்கொள்வோம்.

ஆர்டெல்லா திரும்பி மேய்ச்சல் நிலத்தைப் பார்த்தாள். அந்தப் பக்கம் அவளுடைய வெறும் கம்பமும் தகர வீட்டின் வாசலும் தெளிவாகத் தெரிந்தன. இங்கிருந்து அது தெரியும் என்று அவள் ஒரு நாளும் நினைத்ததில்லை. வாசலோரம் ராஸ்கோ உட்காரும் நாற்காலி அதை நோக்கித்தான் போட்டிருந்தது.

"இங்கிருந்து என் வீடு தெரியுமா?"

"ம்" என்றான். அதோடு நிற்காமல், "வாசல்ல நிப்ப. காத்து அடிக்கிறப்ப" என்றான்.

ஆர்டெல்லா அந்த நாற்காலியை இன்னொரு தடவை பார்த்தாள். ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள், தொப்பியைக் கழற்றி உதறினாள், ட்ரக்கின் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தாள்.

ராஸ்கோ ட்ரக்கைச் சுற்றி நடந்தான். குனிந்து முன்சக்கரத்தைப் பார்த்தான். பின்சக்கரத்தைச் செருப்புக் காலால் ஒரு தட்டுத் தட்டினான்.

"டயர்ல காத்து கம்மியா இருக்கு, டெல்லா" என்றான். "இதுல போக வேணாம்."

அவள் இறங்கிவந்து பார்த்தாள். போன வாரம் மாட்டிய புது டயர்கள். நான்கும் கல் மாதிரி இறுகி நின்றன.

"ஆமா" என்றாள். "கம்மியாத்தான் இருக்கு."

கதவைச் சாத்திவிட்டு, அவன் சட்டைக் கழுத்தை மடித்துச் சரிசெய்தாள்.